புளியங்கட்டையோடு மல்லுக்கு நின்றவள்

எங்கள் தெருவில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் யாரும் அலாரம் வைத்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா கோடாலியை எடுத்துவிடுவாள். முதலில் ஓர் அடி விழும், பின்னாலேயே ஒரு வசவு விழும். வசவு தெருவுக்கு இல்லை, கட்டைக்கு. "இன்னா மொறைச்சிக்கினு கீற? உங்கப்பன் ஊட்டு சொத்தா கேட்டேன்? தொறடா வாய." கட்டை வாயைத் திறக்கிற வரைக்கும் இப்படியே பேச்சு நடக்கும். கல்யாணமாகி அந்தத் தெருவுக்குப் போன புதிதில், உள்ளே யாரோ ஆம்பளையைப் போட்டு மொத்துகிறாள் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன்.

குள்ளமான உருவம். புடவைக்கு மேலே செத்துப்போன புருஷனின் பழைய கம்பெனிச் சட்டை. கை நிறையக் கண்ணாடி வளையல். புருஷன் போனபின் வளையலைக் கழற்றச் சொல்லி நாத்தனார்கள் வந்தபோது, "வெறுங்கையா இருந்தா கோடாலி நழுவுது, நீங்க வந்து பொளந்து குடுங்க, கயட்டிடுறேன்" என்று சொன்னாளாம். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று என்றாள்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை, காண்ட்ராக்டில். எனக்குப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். வரும்போது உடம்பெல்லாம் கரி, எண்ணெய், பிசுபிசுப்பு. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கறுப்பு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் சோற்றுக்கு கேஸ் இருந்தாலும், பின்பக்கம் வெந்நீருக்கென்று ஒரு விறகடுப்பு இருக்கும். கேஸில் குளிக்கத் தண்ணீர் காய வைத்தால் சிலிண்டர் அழும் என்பாள் அவள்.

மற்ற வீடுகளில் கம்பெனிக் கட்டைதான் எரியும். மிஷின் வந்து இறங்குகிற பெட்டிப் பலகை, உடைந்துபோன சட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே விடுவார்கள். வெள்ளைக் கட்டை, கை பட்டாலே அப்பளம் மாதிரி உடையும். அவள் வீட்டில் மட்டும் அதில் ஒரு துண்டு கிடக்காது. காரணம் கம்பெனி கேட்டில் நடந்த ஒரு சங்கதி.

பாஸ் வாங்கி, தலையில் கட்டையைச் சுமந்துகொண்டு வந்தவளை செக்யூரிட்டி நிறுத்தினான். பாஸைக் காட்டினாள். அது போதவில்லை, பையைத் திறக்கச் சொன்னான். ஷிப்டு விடுகிற நேரம், அத்தனை ஜனமும் நின்று பார்க்கிறது. சுமையை இறக்கினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, துண்டு, வெற்றிலைப் பொட்டலம், டிபன் பாக்ஸ். அவன் போகலாம் என்றான். அவள் போகவில்லை. டிபன் பாக்ஸையும் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மத்தியானம் மிச்சமான ரசஞ்சோறு.

"இதையும் கிண்டிப் பாத்துக்க நைனா. உள்ள இரும்பு கம்பி எதுனா மெதக்கும்."

அவன் முகம் செத்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், கட்டை அங்கேயே கிடந்தது. மறுநாள் ஆபீசரே கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னார். "அது வெறவா சார்? பத்த வெச்சா பொசுக்குன்னு பூடும். உங்க ஆபீஸ்லயே கொளுத்திக்கங்க" என்று வந்துவிட்டாள். அன்றிலிருந்து வேலிகாத்தான் கணுக்கட்டை, மின்கம்பிக்காக வெட்டிப்போட்ட வேம்பு, யாரும் சீந்தாத முறுக்குக் கட்டைதான் அவள் அடுப்புக்கு. சுலபமாகப் பிளக்கிற விறகு வழியில் கிடந்தால் தாண்டிப் போய்விடுவாள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

மாதா கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பொறுமையைப் பற்றி நெடுநேரம் பிரசங்கம் வைத்தார். பாதிப் பேர் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் என் காதில் சொன்னாள்: "எனுக்கு சொன்னார்ன்னா நெனச்ச? இல்லடி. என்னாண்ட மாட்டிக்கினு கீறவங்களுக்கு சொன்னாரு."

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள். அம்மாவுக்கு நேர் எதிர். மெல்லிசாகப் பேசும், யார் மனசும் கோணக்கூடாது என்று நினைக்கும். கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்காருகிற வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டது. பையன் யார் என்று தெரிந்ததும் எங்கள் தெருவே மூச்சை இழுத்துப் பிடித்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊரில், நெல் வைக்கிற பெரிய வீடு ஒன்று உண்டு. ஏரித் தண்ணீர் திறந்துவிடுவதிலிருந்து கரையில் விழுந்த மரம் ஏலம் விடுவது வரைக்கும் அந்த வீட்டுக்காரர் வார்த்தைதான் ஊரில் செல்லும். அவருடைய பையன். எங்கள் ஜனம் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டுக்காரர்களில் ஒருத்தர்கூட எங்கள் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

பெரிய சண்டையெல்லாம் வரவில்லை. அவர்கள் அடிக்கவில்லை, கொளுத்தவில்லை. பையன் அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை என்கிற மாதிரி இருந்துவிட்டார்கள். சின்னஞ்சிறுசுகள் இரண்டும் புதுவாயலில் ஒரு ரூம் எடுத்துத் தங்கின. பெண் உண்டானாள். உண்டான சந்தோஷத்தைவிட, பிள்ளை முகத்தைப் பார்த்தால் அவர்கள் மனசு இறங்கிவிடும் என்கிற ஆசைதான் அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த ஆடி மாசத்துக் காற்றில்தான் ஏரிக்கரைப் புளியமரம் விழுந்தது. மூன்று பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரம், பாதி பட்டுப்போனது. அது விழுந்த அந்த வாரம் புதுவாயல் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் அந்தப் பெரிய வீட்டம்மா, கூட ஒரு சொந்தக்காரி. நான் இந்தத் தெருக்காரி என்று அந்தம்மாவுக்குத் தெரியும். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

"பையன் போயி உழுந்த எடத்தப் பாரு. நாளைக்கி புள்ள பொறந்தா, பெத்தவளுக்கு ஒரு அண்டா வெந்நி வெச்சி ஊத்த வக்கு கீதா அங்க?"

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவது என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை. கொதிக்கக் கொதிக்க அண்டாத் தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்ற வேண்டும். தலைமுடி காயச் சட்டியில் கங்கு வேண்டும், குழந்தைக்கும் கதகதப்பு வேண்டும். முதல் பிரசவத்துக்கு இதையெல்லாம் செய்ய வேண்டியது பெற்றவள் வீடு. செய்யாத தாயை ஜென்மத்துக்கும் பேசுவார்கள். அந்தம்மா அடித்தது அந்த இடத்தில்தான்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகுமா? ஒரு வார்த்தை குறையாமல் அக்காவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதிள் உரசுவது ஒரு நொடி நின்றது. "வெந்நின்னாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி உரச ஆரம்பித்தாள். இவ்வளவுதானா என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டாள். புதுவாயலில் லாரிப் பட்டறைக்காரனிடம் போய், பழைய லாரி வில்லுப் பட்டையை வெட்டி இரும்பு ஆப்பு அடித்து வாங்கினாள். "வா, ஒரு எடத்துக்குப் போலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.

ஏரிக்கரை மரம் விழுந்தால் அங்கே ஒரு வழக்கம். நடுமரம் ஏலத்துக்குப் போகும். கிளையும் சுள்ளியும் யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். வேரோடு கிடக்கிற அடிக்கட்டை மட்டும், அதில் முதல் ஆப்பு இறக்கியவருக்குச் சொந்தம். ஆப்பு அதில் நிற்கிறவரை வேறு யாரும் கோடாலி வைக்கக் கூடாது. ஆனால் ஆப்பு வைத்த வீட்டு ஆள் வந்து அடிக்கிற சத்தம், சேர்ந்தாற்போல மூன்று நாள் கேட்காமல் போனால் உரிமை போய்விடும். எங்கள் தெருக்காரர் யாரும் அதுவரை ஊர்க் கட்டையில் ஆப்பு வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. வைத்ததில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் போனபோது நடுமரத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் குடையும் கையுமாக நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அடிக்கட்டை மட்டும் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. மிஷின் ரம்பக்காரன் ஏற்கெனவே கையை விரித்துவிட்டான். அந்த மரத்தில்தான் வருஷக்கணக்காகப் பிளாட் விற்கிறவன், டியூஷன் எடுக்கிறவன், மூலத்துக்கு மருந்து கொடுக்கிறவன் எல்லாரும் போர்டு அடித்திருந்தார்கள். உள்ளே ஆணியாக இருந்தது. ரம்பத்தின் சங்கிலி அறுந்து அவன் தொடையைத் தப்பித்துப் போயிருந்தது.

அக்கா நேராகக் கட்டைக்குப் போனாள். அவர் வழியில் நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க சம்மந்தி. செதிலு தெறிக்கும்."

டிராக்டர்க்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டான். அந்த ஊரில் எங்கள் ஜனம் அந்த வீட்டு ஆளை முறை வைத்துக் கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. அவர் முகம் சிவந்து, அப்புறம் கறுத்தது.

"இன்னா பேசுற நீ?"

"கட்டையப் பத்திப் பேசறேன். ஆப்பு வெக்கப் போறேன். வெக்கலாம்தான? வயக்கம்தான?"

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது, வழி வரவில்லை. சுற்றிலும் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள், வழக்கத்தைக் காப்பாற்றுகிறவர் அவர்தான். ஒதுங்கி நின்றார். அவள் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் ஓங்கிப் போட்டாள். மூன்றாவது அடியில் ஆப்பு நின்றது.

"பொள, பாக்கறேன்" என்றார் அவர். "மூணு நாளு சத்தம் வரலன்னா ஜேசிபி வரும். தோண்டி ஏரில தள்ளிடுவேன்."

"சத்தம் வரும். காத மட்டும் தொறந்து வெச்சிக்குங்க."

வாய்ப் பேச்சு சரிதான், கட்டைக்கு அது தெரியுமா? புளியின் அடிக்கட்டை நேர் இழையில் வளர்வதில்லை. முறுக்கி முறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். நடுவில் வைத்த முதல் ஆப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. பிளக்கவும் இல்லை, திரும்ப வரவும் இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகலாம் என்றாலும் ஆப்பைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. "பாத்தியா, கட்டையே என்ன உடமாட்டன்னுது" என்று சிரித்தாள். அடுத்த இரண்டு ஆப்பும் பட்டறையிலிருந்து வந்தன. நடுவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து சீவ ஆரம்பித்தாள். வெடிப்பு விழும், பிளவு வாய் திறக்கும், ஆனால் பிரியாது. உள்ளே நார் நாராக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நாரையும் கத்தியை விட்டு அறுக்க வேண்டும். அறுத்து முடித்தால் முறம் அகலத்துக்கு ஒரு சில்லு கையில் வரும். அன்றைய கூலி அதுதான்.

முதல் ஷிப்டு என்றால் சாயங்காலம் போவாள். இரண்டாம் ஷிப்டு என்றால் விடிந்ததும் போவாள். காய்ச்சலிலும் போய் நாலு அடி போட்டுவிட்டு வருவாள். ஊர்ப் பையன்கள் கரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தன், "அக்கா, உன் பேரப்புள்ள வந்து மிச்சத்தப் பொளக்கும்" என்றான். "பொளக்கும். அது ஒடம்புல உங்க ஊரு ரத்தமும் ஓடுதே, அப்ப நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள். அவன் அடுத்த நாள் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் உதவிக்குக் கோடாலியோடு போனார். வேண்டாம் என்றுவிட்டாள். ஆப்பு வைத்த வீட்டு ஆள் அடித்தால்தான் கணக்கு, வேற்று வீட்டுக் கை பட்டால் அதையே சாக்காகச் சொல்லுவார்கள் என்றாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இதற்கு நடுவில்தான் மகள் வந்தது. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"எம்மா, அந்தக் கட்டைய உட்டுடு. ஊர் சிரிக்கிது. மாமா ரொம்ப கோவமா கீறாராம். புள்ள பொறந்தா சேத்துக்குவாங்கன்னு கொஞ்சம் நெனப்பு இருந்துது, நீ அதையும் கெடுத்துடுவ."

"சேத்துக்குவாங்க. என்ன வெளிய நிக்க வெச்சிட்டு உன்ன மட்டும் சேத்துக்குவாங்க. அது உனுக்கு ஓகேவா?"

"அங்க கீஸர் கீதும்மா. வெந்நிக்கா இவ்ளோ பேஜாரு?"

"கீஸர்ல வர்ற தண்ணி அவங்க ஊட்டுத் தண்ணி. உனுக்கு நான் ஊத்தணும்."

"உனுக்கு நான் முக்கியமா, கட்டை முக்கியமா? ஒண்ணு சொல்லு."

அவள் கோடாலியைத் தீட்ட உட்கார்ந்தாள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டது. அன்றைக்கு அவள் கட்டைக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். ஓங்கி ஓங்கிப் போட்டாள். வசவே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வரும்போது சொன்னாள்: "பொண்ணு போனாப் போவட்டும்ன்னு சொல்ல எனுக்கு வாயில்லடி. செத்துடுவேன். ஆனா தல குனிஞ்சி அவளப் பெத்தெடுக்க அனுப்ப மட்டும் மாட்டேன். அப்பறம் ஆயுசுக்கும் அவ அந்த ஊட்ல தல குனிஞ்சிக்கினேதான் நிக்கணும்." நான் அவளைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். "சும்மா இரு, பஸ் வருது" என்று தள்ளிவிட்டாள்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் அது. சொதசொதவென்ற மண்ணில் நின்று அடித்தாளா, ஒரு பெரிய சில்லு நார் அறுந்து திடீரென்று விடுபட்டது. ஆப்பு எகிறி இடது பாதத்தில் விழுந்தது. நடுவிரல் நசுங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். காலைக் கீழே வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். மகளுக்குச் சொல்லாதே என்று அக்கா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் சத்தியம் செய்துவிட்டு, வெளியே வந்து மருமகனுக்குப் போன் போட்டேன். அந்தச் சத்தியத்துக்கு எல்லாம் யார் பயப்படுவது?

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம், ஜேசிபி ஏரிக்கரைக்கு வந்துவிட்டதென்று தகவல் வந்தது. அவள் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள். நான், என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி ஆயாம்மா மூன்று பேரும் பிடித்தும் நிற்கவில்லை. "வெரலு போனா ஒம்போது மிச்சம் கீது" என்றாள். வேறு வழியில்லாமல் ஆட்டோ பிடித்து, கட்டுப்போட்ட காலை என் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் வேகமாக ஓட்டச் சொல்லி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கரை திரும்புகிற இடத்தில் சத்தம் கேட்டது. இரும்பின்மேல் இரும்பு. கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் ஒன்று.

"யாருடி அது? எவன் என் ஆப்புமேல கை வெச்சான்?" என்றாள்.

எவனும் இல்லை. மகள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்க, தோசைக்கல்லைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு சின்னச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு ஆப்பின் தலையில் தட்டிக்கொண்டிருந்தது. புருஷன்காரன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஜேசிபி டிரைவர் கீழே இறங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தான். பெரிய வீட்டுக்காரர் கரைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அது செல்லாது. ஆப்பு வெச்ச ஊட்டு ஆளு அடிக்கணும். கட்டிக் குடுத்துட்டா பொண்ணு அந்த ஊட்டு ஆளு இல்ல. அதான் வயக்கம்."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"செரி சம்மந்தி. என் ஊட்டு ஆளு இல்ல. அப்ப எந்த ஊட்டு ஆளு? நீங்களே வாயத் தொறந்து சொல்லிடுங்க. இத்தினி பேரு நிக்கிறாங்க."

அவர் வாயைத் திறந்தார். சுற்றிலும் ஊர் நின்றது, டிரைவர் நின்றான், சொந்தப் பிள்ளை மழையில் குடையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் வீட்டு ஆள் என்று சொன்னால் கல்யாணத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அடி செல்லும், கட்டை இவளுடையது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பாவம் என்ன பாவம், நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

மகள் திரும்பவில்லை. "எம்மா, இன்னும் எத்தினி அடிக்கணும்? கை வலிக்கிது" என்றது.

"போதும்மா. கீய வை, உன்ன யாரு மொதல்ல தூக்கச் சொன்னது?" என்றாள் அக்கா. பெரிய வீட்டுக்காரர் டிரைவரைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனார்.

அதற்குப் பிறகு மருமகனும் கோடாலி எடுத்தான். கம்ப்யூட்டர் தட்டுகிற கை, முதல் நாளே கொப்புளம். "மெதுவா அடி நைனா, அது உங்கப்பா இல்ல" என்று நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அவனை வேலை வாங்கினாள். கார்த்திகை போய் மார்கழி வந்தபோது அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேலும் சுவர் ஓரத்திலும் புளியஞ்சில்லாக அடுக்கியிருந்தது. மழை விட்ட வெயிலில் காய்ந்து இறுகி, ஒன்றோடொன்று பட்டால் வெண்கலச் சத்தம் வந்தது. மகள் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. வந்து ஒரு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

நான் இப்போது கடம்பத்தூர் பக்கம் குடிவந்துவிட்டேன். வீட்டில் பட்டனைத் தட்டினால் வெந்நீர் வருகிறது. ஆனால் வெந்நீர் என்றால் எனக்கு இன்றும் அந்த மார்கழிக் காலைதான்.

வாசலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் அண்டா தளபுளவென்று கொதிக்கிறது. அடுப்பில் புளியஞ்சில்லுகள் சுடர் விடாமல், புகை இல்லாமல், சிவந்துபோய்க் கிடக்கின்றன. அந்தக் கட்டை எரிவதும் அப்படித்தான், அவ்வளவு சீக்கிரம் தன்னை விட்டுக்கொடுக்காது. மகளுக்கு ஊற்றி முடித்துச் சட்டிக் கங்கில் தலை காயவைத்து உட்கார வைத்திருந்தோம். அக்காவுக்கு அந்தக் காலில் இன்னும் தண்ணீர் படக்கூடாது என்பதால் குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவது என் வேலை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அப்போது சந்துப் பக்கமாக அந்தப் பெரிய வீட்டம்மா வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு பை. அவ்வளவு காலையில், தெரு முழுக்க விழிப்பதற்கு முன்பு பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்திருப்பாள். மகள் பதறி எழுந்து, "வாங்கத்தே, ஒக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றது.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன். கொயந்தயக் குடுங்க, ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிடுறேன்."

அக்கா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் பேசினது, கட்டை, கால் எல்லாம் இப்போது வெளியே வரும், வரட்டும் என்று இருந்தது.

"நீ எய்ந்திரு" என்றாள் என்னைப் பார்த்து. எழுந்தேன்.

"கொயந்த குளிக்கிற நேரம். பாக்கணும்ன்னா கால நீட்டி ஒக்காருங்க."

"நானா?"

"நீங்கதான அதுக்கு ஆயா?"

அந்தம்மா ஈரத் தரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மகள் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். குழந்தைக்கு அப்படியே அவள் பிள்ளையின் நெற்றி. பையை என்னிடம் நீட்டினாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் தெருவின் பின்கட்டில், மண்ணில், காலை நீட்டி உட்கார்ந்தாள். மகள் குழந்தையை அந்தக் கால்கள் மேல் கிடத்தியது.

அக்கா ஒன்றும் மன்னித்துவிடவில்லை. பிற்பாடு நான் கேட்டபோது, "மன்னிச்சேன்னு எவ சொன்னா உனுக்கு?" என்று என்மேல் பாய்ந்தாள். ஆனால் அன்றைக்கு அண்டாத் தண்ணீரை விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெல்ல ஊற்றினாள். தண்ணீர் குழந்தையின் நெஞ்சில் வழிந்து, அந்தம்மாவின் கெண்டைக்காலில் வழிந்து, மெட்டி போட்ட விரல்கள் வழியே எங்கள் மண்ணுக்குள் போயிற்று. வீல் என்று கத்திய குழந்தை, சூடு பட்டதும் அடங்கிக் கண்ணைச் சொருகியது. அந்தம்மா அதன் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். பழகிய கை. பிள்ளை பெற்றவள்தானே அவளும்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள், தலை நிமிராமல். அக்கா ஊற்றினாள். அந்தம்மா கண்ணிலிருந்தும் ஏதோ வழிந்தது. புகையே இல்லாத அடுப்பு அது.

"தண்ணி ஆறிடப் போவுது, அடுப்பக் கொஞ்சம் தள்ளும்மா" என்றாள் அந்தம்மா என்னிடம்.

நான் நகர்வதற்குள் அக்கா சொன்னாள்.

"அதெல்லாம் ஆறாது. நீங்க கொயந்தயப் புடிங்க."